மன்னார் வளைகுடாக் கூம்பு நத்தைகளும் நரம்பு நச்சு ஆய்வும்

மன்னார் வளைகுடாக் கூம்பு நத்தைகள் என்பவை இராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டங்களை ஒட்டிய கடலில் வாழும் நச்சுத்தன்மை உடைய கடல் நத்தைகள் ஆகும். கோனஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த இவற்றின் ஓடுகள் இராமேசுவரம் கடைகளில் அழகுப் பொருளாக நெடுங்காலமாக விற்கப்பட்டு வந்துள்ளன. இதே நத்தைகளின் நஞ்சு, மூளையும் நரம்புகளும் செயல்படும் முறையை அறிய உதவும் கருவியாக 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அறிவியலாளர்களின் கவனத்தைப் பெற்றது. இந்தியாவில் இத்துறைக்கு வழி அமைத்தவர்களுள் நரம்பியல் அறிஞர் கே. எஸ். கிருஷ்ணன் குறிப்பிடத்தக்கவர். வேதியியல் பகுப்பாய்வில் அவருக்குத் துணையாக நின்றவர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் ப. பலராம்.

இந்த கே. எஸ். கிருஷ்ணன் வேறு, சர் சி. வி. இராமனுடன் பணியாற்றிய, வத்திராயிருப்பில் பிறந்த இயற்பியலாளர் கே. எஸ். கிருஷ்ணன் (1898–1961) வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் இருவரையும் ஒருவராகக் கருதிவிடும் வாய்ப்பு உண்டு.

இடப் பின்னணி

இராமநாதபுரம் மாவட்டத்தின் கடல் இரு பகுதிகளைக் கொண்டது. பாம்பன் தீவுக்கு வடக்கே இருப்பது பாக் நீரிணை. தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. வளைகுடாப் பகுதியில் பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 சிறு தீவுகள் வரிசையாக அமைந்துள்ளன. தீவுகளைச் சுற்றிப் பவளப் பாறைகளும் கடற்புல் படுகைகளும் உள்ளன. மணல், பாறை, புல் என மூன்று வகைத் தரையும் அருகருகே இருப்பதால் நத்தை இனங்கள் இங்கு மிகுதி.

இக்கடலின் உயிரினங்களைப் பற்றிய அறிவு மக்களிடம் தொன்மையானது. கீழக்கரை, பெரியபட்டினம், வேதாளை, மண்டபம் ஆகிய ஊர்களில் முத்தும் சங்கும் குளித்தல் தலைமுறைத் தொழிலாக இருந்தது. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் 1890-களில் இக்கடலின் முத்து, சங்கு வளம் பற்றி எழுதினார். ஜேம்ஸ் ஹார்னெல் 1914-இல் இந்தியச் சங்கைப் பற்றித் தனி நூல் வெளியிட்டார். 1927-இல் குருசடைத் தீவின் கரையோர உயிரினங்கள் பற்றிய அருங்காட்சியக வெளியீடு வந்தது. 1947-இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையிடம், 1971-இல் கொச்சிக்கு மாற்றப்படும் வரை மண்டபம் முகாமில் இருந்தது.

இந்த ஆய்வுகள் அனைத்தும் பெரும்பாலும் உணவு, வணிகம், இனவகைப்பாடு ஆகியவற்றைப் பற்றியவை. நத்தையின் நஞ்சு நரம்பில் என்ன செய்கிறது என்ற கேள்வி பிற்காலத்தில்தான் எழுந்தது.

நத்தை வேட்டையாடும் முறை

கூம்பு நத்தை மெதுவாக ஊரும் உயிரி. ஆனால் அது ஊன் உண்ணி. புழுக்களைத் தின்பவை, பிற நத்தைகளைத் தின்பவை, மீன்களைத் தின்பவை என இவற்றில் மூன்று பிரிவுகள் உண்டு. பெரும்பாலான இனங்கள் முதல் பிரிவைச் சேர்ந்தவை.

வேகமாக நீந்தும் மீனை ஓர் ஊரும் நத்தை பிடிக்க வேண்டுமானால் மீன் தப்பி ஓட நேரம் கொடுக்கக் கூடாது. இதற்காக நத்தையின் பல் உள்ளீடற்ற சிறிய எறியீட்டியாக மாறியுள்ளது. உடலுக்குள் நீண்ட நஞ்சுக் குழலும் அதன் முனையில் அழுத்தம் தரும் தசைப் பையும் உள்ளன. நத்தை தன் நீண்ட தும்பிக்கை போன்ற உறுப்பை நீட்டி, அதன் நுனியில் உள்ள பல்லை இரையின் உடலில் குத்துகிறது. பல்லின் வழியே நஞ்சு பாய்கிறது. சில நொடிகளில் மீன் செயலிழக்கிறது. ஒரு பல் ஒரு முறைதான் பயன்படும். அடுத்த வேட்டைக்கு வேறு பல் ஆயத்தமாக இருக்கும்.

முற்காலப் பதிவுகள்

கூம்பு நத்தை மனிதரைக் கொல்லக்கூடும் என்பதை ஐரோப்பியர் எழுத்தில் முதலில் பதிவு செய்தவர்களுள் ரம்ஃபியஸ் ஒருவர். இன்றைய இந்தோனேசியாவின் அம்போன் தீவில் டச்சுக் கம்பெனிப் பணியில் இருந்த அவர், பண்டா தீவில் வலை இழுக்கும்போது நத்தை ஒன்றைக் கையில் எடுத்த அடிமைப் பெண் இறந்ததைக் குறித்துள்ளார். அவரது நூல் அவர் மறைவுக்குப் பின் 1705-இல் வெளிவந்தது.

இந்நத்தைகள் மீன் தின்னும் என்பதை அமெரிக்க விலங்கியலாளர் ஆலன் கோன் 1956-இல் ஹவாய்த் தீவு நத்தைகளைக் கொண்டு அறிவியல் உலகிற்குக் காட்டினார். அவரே இலங்கையின் திருகோணமலைப் பகுதியிலும் கூம்பு நத்தைகளை ஆராய்ந்தார். 1978-இல் இந்தியக் கூம்பு நத்தைகள் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். 1960-களில் ஆஸ்திரேலியாவின் ராபர்ட் எண்டீன் குழுவினர் நஞ்சின் இயல்புகளை ஆராயத் தொடங்கினர்.

பிலிப்பீன்சில் பிறந்த ஆய்வுத்துறை

நத்தை நஞ்சை மூளை ஆய்வுடன் இணைத்தவர் பிலிப்பீன்சு நாட்டவரான பால்டொமெரோ ஒலிவேரா. அமெரிக்காவில் மரபணு வேதியியல் பயின்று தாயகம் திரும்பிய அவரிடம், அத்துறையைத் தொடரத் தேவையான விலையுயர்ந்த கருவிகள் இல்லை. ஆகவே தம் நாட்டுக் கடலில் எளிதாகக் கிடைக்கும் கூம்பு நத்தையை எடுத்துக்கொண்டார். உடன் பணியாற்றியவர் லூர்தெஸ் குரூஸ். மனித உயிரிழப்புகளுக்குப் பெரிதும் காரணமான கோனஸ் ஜியோகிராபஸ் என்னும் இனத்தின் நஞ்சை இருவரும் பிரித்தெடுத்தனர்.

ஒலிவேரா பின்னர் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். அங்கு கிரெய்க் கிளார்க் என்ற இளம் மாணவர் ஒரு புதிய வழியைக் கையாண்டார். நஞ்சின் கூறுகளைத் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றையும் எலியின் மூளைக்குள் நேரடியாகச் செலுத்தி, நடத்தையைக் கவனித்தார். ஒரு கூறு எலியை உறங்க வைத்தது. ஒரு கூறு நடுங்க வைத்தது. வேறொன்று ஓட வைத்தது. நஞ்சு என்பது ஒரே பொருள் என்ற கருத்து இதனால் மாறியது. ஓர் இனத்தின் நஞ்சில் நூற்றுக்கும் மேற்பட்ட பெப்டைடுகள், அதாவது சிறு புரதத் துண்டுகள், இருப்பது தெரியவந்தது. இவை கோனோடாக்சின்கள் எனப் பெயர் பெற்றன.

உறங்க வைத்த கூறு வியப்பான பண்பு உடையது. பிறந்து இரண்டு வாரத்திற்கு உட்பட்ட எலிக்குஞ்சுகளை அது உறங்கச் செய்தது. வளர்ந்த எலிகளை அமைதியிழந்து அலையச் செய்தது. ஒரே பொருள், மூளையின் வளர்ச்சி நிலைக்கு ஏற்ப வெவ்வேறு விளைவைத் தரும் என்பதற்கு இது சான்று.

நஞ்சு நரம்பில் செய்வது என்ன?

நரம்புச் செல்லின் செய்தி மின்துடிப்பாகச் செல்கிறது. செல்லின் சுவரில் சோடியம், பொட்டாசியம், கால்சியம் ஆகிய மின்னூட்டத் துகள்கள் செல்லத் தனித்தனி வாயில்கள் உள்ளன. சோடியம் வாயில் திறந்தால் துடிப்பு எழும். அவ்வாயில் ஓரிரு மில்லிநொடியில் தானே அடைபடும். பொட்டாசியம் வாயில் திறந்து செல்லைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். நரம்பின் முனையில் கால்சியம் வாயில் திறந்தால் அடுத்த செல்லுக்குச் செய்தி கடத்தும் வேதிப்பொருள் வெளியேறும். சிந்தனை, வலி, அசைவு அனைத்தும் இவ்வாயில்களின் ஒழுங்கான திறப்பையும் அடைப்பையும் சார்ந்தவை.

நரம்பு நஞ்சுகள் பலவும் இவ்வாயில்களில் ஒன்றைக் கெடுக்கின்றன. இராமநாதபுரம் கடற்கரை அறிந்த பேத்தை மீனின் நஞ்சு சோடியம் வாயிலை அடைத்துவிடும் என்பதை 1964-இல் நராஹாஷி குழுவினர் காட்டினர். துடிப்பு எழாததால் தசைகள் செயலிழக்கும். கூம்பு நத்தையின் டெல்டா வகைக் கோனோடாக்சின் இதற்கு நேர்மாறானது. திறந்த சோடியம் வாயில் தானே அடைபடுவதை அது தடுக்கிறது. துடிப்பு நிற்காமல் நீள்வதால் தசைகள் விறைத்துப்போகும். வாயில் ஒன்றே, ஒரு நஞ்சு அதைப் பூட்டுகிறது, மற்றொன்று பூட்ட விடாமல் செய்கிறது. இரண்டின் முடிவும் செயலிழப்பே.

மனிதரைக் கொட்டும்போது இந்நஞ்சு பெரும்பாலும் மூளைக்குள் நுழைவதில்லை. குருதிக்கும் மூளைக்கும் இடையே உள்ள தடுப்பு பெப்டைடுகளை எளிதில் விடாது. ஆனால் மூளையிலிருந்து மூச்சுத் தசைகளுக்குச் செல்லும் கட்டளை வழியில் நின்றுவிடுகிறது. உயிரிழப்பு மூச்சு நின்றுபோவதால் நிகழ்கிறது.

ஈயிலிருந்து நத்தைக்கு: கே. எஸ். கிருஷ்ணன்

மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் உயிரியல் பிரிவை 1962-இல் தொடங்கியவர் ஒபைத் சித்திக்கி. பழ ஈக்களைக் கொண்டு நரம்பியலை ஆராயும் மரபு அங்கு வளர்ந்தது. வெப்பம் கூடினால் முடங்கி விழுந்து, குளிர்ந்தவுடன் எழுந்து பறக்கும் பிறழ்வு ஈக்கள் இவ்வாய்வின் அடிப்படை. முடக்கத்திற்குக் காரணமான மரபணுவைக் கண்டால், நரம்புச் செய்தியில் அதன் பங்கும் தெரியும். கே. எஸ். கிருஷ்ணன் இம்மரபில் பணியாற்றினார்.

மயக்க மருந்து அவரது ஆர்வங்களுள் ஒன்று. அறுவைச் சிகிச்சையில் பயன்படும் ஹாலோதேன் வாயு மூளையை எவ்வாறு மயக்குகிறது என்பது நெடுநாள் புதிர். அமெரிக்கத் தேசிய நல நிறுவனத்தின் ஹோவர்ட் நாஷுடன் இணைந்து, இவ்வாயுவுக்கு மாறுபட்ட முறையில் எதிர்வினை காட்டும் பிறழ்வு ஈக்களைக் கண்டறிந்து 1990-இல் வெளியிட்டார். மயக்கத்தையும் மரபணு வழியில் ஆராயலாம் என்பதை அக்கட்டுரை காட்டியது. நரம்பு முனையில் செய்திப் பைகள் மறுபடி உருவாகும் முறை பற்றி அவரது குழு 2001-இல் வெளியிட்ட ஆய்வும் பெயர் பெற்றது.

மரபணுப் பிறழ்வு ஒரு புரதத்தை உள்ளிருந்து கெடுக்கிறது. நஞ்சு அதே புரதத்தை வெளியிலிருந்து கெடுக்கிறது. நரம்பின் எந்தப் பகுதி என்ன செய்கிறது என்று அறிய இரண்டும் உதவும். ஈக்களை ஆராய்ந்த ஒருவர் நத்தை நஞ்சுக்கு வந்ததை இவ்வாறு புரிந்துகொள்ளலாம். தேவையான நத்தைகள் தமிழகக் கடலிலேயே இருந்தன.

தமிழகக் கடலிலிருந்து கிடைத்த பெப்டைடுகள்

நத்தையிலிருந்து கிடைக்கும் நஞ்சின் அளவு மிகச் சிறிது. அதில் நூற்றுக்கணக்கான கூறுகளைப் பிரித்து, ஒவ்வொன்றின் எடையையும் அமினோ அமில வரிசையையும் காண நுட்பமான கருவிகள் வேண்டும். இதற்கு இந்திய அறிவியல் கழகத்தின் பலராம் குழு துணை நின்றது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பி. இராமசாமியும் இக்கூட்டு முயற்சியில் பங்கு பெற்றார்.

2003-இல் வெளிவந்த இவர்களது ஆய்வு தென்கிழக்குக் கடற்கரையில் எடுக்கப்பட்ட கோனஸ் அமாடிஸ் என்னும் நத்தையைப் பற்றியது. இது பிற நத்தைகளைத் தின்னும் இனம். இதன் நஞ்சிலிருந்து 26 அமினோ அமிலங்களும் மூன்று கந்தகப் பிணைப்புகளும் கொண்ட பெப்டைடு பிரித்தெடுக்கப்பட்டது. அதன் மூலக்கூறு எடையைக் கொண்டு ஏஎம் 2766 எனப் பெயரிடப்பட்டது. எலி மூளையில் உள்ள சோடியம் வாயிலை ஆய்வகச் செல்களில் உருவாக்கி, அதன் மீது இப்பெப்டைடு செலுத்தப்பட்டது. வாயில் அடைபடுவதை அது தடுத்தது.

இம்முடிவில் ஒரு புதுமை இருந்தது. நத்தை தின்னும் இனங்களிலிருந்து அதுவரை எடுக்கப்பட்ட டெல்டா வகை நஞ்சுகள் பாலூட்டிகளின் சோடியம் வாயிலில் இவ்வாறு செயல்படவில்லை. தமிழகக் கடல் நத்தையின் நஞ்சு செயல்பட்டது. இதன் முப்பரிமாண அமைப்பை 2005-இல் சித்தார்த்த சர்மா உள்ளிட்டோர் வெளியிட்டனர்.

2004-இல் புழு தின்னும் கோனஸ் மோனைல் என்னும் இனத்திலிருந்து எம்ஓ 1659 என்ற பெப்டைடு கண்டறியப்பட்டது. 13 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட இதில் வழக்கமான கந்தகப் பிணைப்பு இல்லை. இது பொட்டாசியம் வாயிலைத் தாக்குவது. கொடிய மீன் தின்னி இனங்களில் மட்டுமல்லாமல், தீங்கற்றவை எனக் கருதப்பட்ட இனங்களிலும் ஆராயத்தக்க பொருள்கள் உண்டு என்பதை இவை உணர்த்தின.

எந்த இனம் எங்கே உள்ளது என்ற தெளிவு இல்லாமல் நஞ்சு ஆய்வு நடைபெறாது. ஒத்த ஓடுகள் கொண்ட இரு இனங்களைக் குழப்பிக்கொண்டால் முடிவும் பிழையாகும். பெஞ்சமின் பிராங்க்ளின், கே. ஏ. சுப்பிரமணியன், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ். அந்தோணி பெர்னாண்டோ ஆகியோருடன் கிருஷ்ணன் இணைந்து தமிழகக் கடற்கரைக் கூம்பு நத்தைகளின் வகைகளையும் பரவலையும் தொகுத்தார். அது 2009-இல் வெளிவந்தது. கிருஷ்ணன் 2014-இல் காலமானார். நத்தை நஞ்சு ஆய்வு அவருடன் பணியாற்றியோராலும் பலராம் குழுவினராலும் தொடரப்பட்டது.

நஞ்சிலிருந்து மருந்து

ஒலிவேராவின் ஆய்வகத்தில் மைக்கேல் மெக்கிண்டாஷ் என்ற மாணவர், பள்ளிப் படிப்பு முடித்த வயதிலேயே கோனஸ் மேகஸ் என்னும் நத்தையின் நஞ்சை ஆராய்ந்தார். எலியை நடுங்க வைத்த பெப்டைடு அவர் கையில் கிடைத்தது. அது தண்டுவடத்தில் வலிச் செய்தியைக் கடத்தும் கால்சியம் வாயிலை அடைக்கிறது. இதன் செயற்கை வடிவமான சிகோனோடைடு, கடும் நாள்பட்ட வலிக்கான மருந்தாக 2004 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

அபின் வகை மருந்துகளைப் போல இதற்கு உடல் பழகிப்போவதில்லை. ஆயினும் குறைகள் உண்டு. மூளைத் தடுப்பைக் கடக்காததால் குழாய் வழியாகத் தண்டுவட நீரில் செலுத்த வேண்டும். மனக்குழப்பம், இல்லாதது தோன்றுதல் போன்ற பக்க விளைவுகளும் ஏற்படலாம். மூளையைத் தொடும் எந்தப் பொருளும் நஞ்சாகவும் மருந்தாகவும் இருக்கக்கூடும் என்பதை இம்மருந்தே காட்டுகிறது.

கடற்கரை மக்களுக்கான எச்சரிக்கை

உலக அளவில் கூம்பு நத்தையால் 30-க்கு மேற்பட்ட உயிரிழப்புகள் பதிவாகியுள்ளன. அவற்றுள் பெரும்பான்மைக்குக் காரணமான கோனஸ் ஜியோகிராபஸ் இந்தியக் கடல்களிலும் பதிவாகியுள்ள இனம். மன்னார் வளைகுடாவில் காணப்படும் துணி நெசவு போன்ற கோலம் உடைய கோனஸ் டெக்ஸ்டைல் இனமும் ஆபத்தானது. சங்கு குளிப்போர், கடற்பாசி எடுக்கும் பெண்கள், வலையில் சிக்கியவற்றைப் பிரிப்போர், சுற்றுலாப் பயணிகள் ஆகியோர் பின்வருவனவற்றை அறிந்திருத்தல் நல்லது.

உயிருள்ள கூம்பு நத்தையை எந்தப் பக்கமாகவும் கையால் பிடிக்கக் கூடாது. அதன் தும்பிக்கை ஓட்டின் பெரும்பகுதியை எட்டும். மடியிலோ பையிலோ போட்டுக்கொள்வதும் ஆபத்து. பல் துணியைத் துளைக்கும். கொட்டிய இடத்தில் சில சமயம் வலியே இருக்காது. மரத்துப்போதல், பார்வை மங்குதல், பேச்சுக் குழறல், விழுங்க இயலாமை ஆகியவை தோன்றினால் காலம் தாழ்த்தக் கூடாது. இந்நஞ்சுக்கு முறிமருந்து இல்லை. கொட்டிய கையையோ காலையோ அகலத் துணியால் அழுத்தமாகச் சுற்றி, அசையாமல் வைத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மூச்சு நின்றால் செயற்கை மூச்சுத் தர வேண்டும். நஞ்சின் வேகம் தணியும்வரை மூச்சைக் காத்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு. கீறி இரத்தம் எடுத்தல், வாயால் உறிஞ்சுதல் ஆகியவை பயன் தருவதில்லை.

பாதுகாப்பும் உரிமையும்

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சூழ்ந்த கடலும் 1986-இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் பல கடல் நத்தைகள் சேர்க்கப்பட்டன. அவற்றுள் கோனஸ் மில்னி எட்வர்ட்சி என்னும் கூம்பு நத்தையும் ஒன்று.

ஆயினும் பெரும்பாலான கூம்பு இனங்கள் அப்பட்டியலில் இல்லை. விசைப்படகுகளின் இழுவை மடியில் மீனுடன் நத்தைகளும் வருகின்றன. சங்காயம் எனப்படும் கழிவுக் குவியலில் அவை சேர்கின்றன. அழகிய ஓடுகள் பொறுக்கப்பட்டு விற்பனைக்குச் செல்கின்றன. ஓடு விலை பெறுகிறது. உள்ளிருந்த நஞ்சு ஆராயப்படாமலே அழிகிறது. ஒவ்வோர் இனத்தின் நஞ்சும் பெரும்பாலும் அந்த இனத்திற்கே உரியது. ஆகவே ஓர் இனம் அழிந்தால் அதன் நூற்றுக்கும் மேற்பட்ட பெப்டைடுகளும் அதனுடன் மறையும்.

மற்றொரு கேள்வி பயன் பற்றியது. ஒரு கடலின் நத்தையிலிருந்து மருந்து பிறந்தால், அக்கடலைக் காத்து வாழும் மக்களுக்கு அதில் பங்கு உண்டா? இந்தியாவின் 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டம் பங்கு உண்டு என்ற கொள்கையை ஏற்கிறது. அதற்கான தேசிய ஆணையம் சென்னையில் இயங்குகிறது. நத்தை எங்கே இருக்கும், எந்தப் பருவத்தில் மேலே வரும் என்பதை அறிந்தவர்கள் குளியாளிகளும் மீனவர்களுமே. தீவுகளுக்குள் செல்லத் தடை பெற்றவர்களும் அவர்களே. கடலைக் காக்கும் சட்டமும் கடலோரத்தாரின் பிழைப்பும் ஒன்றையொன்று தாங்கி நின்றால்தான் இந்நத்தைகள் நிலைக்கும்.

இராமேசுவரம் கடைத்தெருவில் சில ரூபாய்க்கு விற்கப்படும் கூம்பு ஓடு, உள்ளே நத்தை உயிருடன் இருந்தபோது நரம்புச் செல்லின் வாயில்களைத் தேடிச்சென்று தொடும் பெப்டைடுகளை உருவாக்கி வந்தது. அவற்றுள் இரண்டு ஏஎம் 2766, எம்ஓ 1659 என்ற பெயர்களுடன் அறிவியல் ஏடுகளில் இடம் பெற்றன. ஏனையவற்றுள் பெரும்பாலானவை இன்னும் பெயரின்றி மன்னார் வளைகுடாவின் மணலிலும் பவளப் பாறை இடுக்கிலும் உள்ளன.